மனநோயைத் தடுக்க முடியுமா? வாய்க்காலின் கடைசி வயல்வரை ஓர் எளிய விளக்கம்

ஒக்டோபர் 10 வந்தால் நம் மட்டக்களப்புப் பக்கத்துப் பிரதேச செயலக மண்டபங்களில் ஒரு பதாகை ஏறும். உலக மனநல தினம். 1992இல் தொடங்கிய தினம் அது. விளக்கேற்றுவார்கள். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை என்று போகும். சிறப்புரையில் நல்லதையே நினையுங்கள், மனதை லேசாக வைத்திருங்கள், காலையில் நடவுங்கள் என்று சொல்வார்கள். அப்புறம் ரோல்ஸ், பற்றிஸ், தேநீர். கதிரைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் உத்தியோகத்தர்கள், கடிதம் வந்ததால் வந்தவர்கள். வயலில் களை பிடுங்கப் போன பெண்ணும் கரைவலை இழுக்கப் போனவரும் காலை பத்து மணிக்கு அந்த மண்டபத்தில் இருக்க வழியே இல்லை.

இந்தக் கூட்டங்களால் தீங்கு ஒன்றுமில்லை. ஆனால் மனநலத்தை மேம்படுத்துவது, மனநோயைத் தடுப்பது என்றால் இப்படிப் பேச்சு வைப்பதுதான் என்று பலர் நினைத்துவிட்டார்கள். 'தடுப்பு', 'மேம்பாடு', 'நியாயமான அணுகுமுறை' என்ற சொற்கள் அறிக்கைகளிலும் மேடைகளிலும் தாராளமாகப் புழங்குகின்றன. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் விஷயம் அந்த அளவுக்கு விளங்கவில்லை. துறை சார்ந்த படிப்பு எதுவும் இல்லாதவர்களுக்காக அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

மனநலம் என்று எதைச் சொல்கிறோம்

உலக சுகாதார நிறுவனம் மனநலத்தை விளக்கும் விதம் கிட்டத்தட்ட இப்படி: ஒருவர் தன் திறமைகளை உணர்ந்து, வாழ்க்கையில் வழமையாக வரும் நெருக்கடிகளைச் சமாளித்து, பயனுள்ளதாக வேலை செய்து, தன் சமூகத்துக்கும் தன்னாலானதைச் செய்யக்கூடிய நிலை. இதில் கவலையே இல்லாத நிலை என்று எங்கும் சொல்லப்படவில்லை. பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது தாய்க்குத் தூக்கம் வராதது நோயில்லை. வெள்ளத்தில் வயல் போனவர் நான்கு நாள் யாரோடும் கதைக்காமல் இருப்பதும் நோயில்லை.

மனநோய் என்பது வேறு. சிந்தனையிலோ உணர்ச்சியிலோ நடத்தையிலோ பெரிய குழப்பம் ஏற்பட்டு, அது நீடித்து, ஆளை வேதனைப்படுத்தி, அன்றாட வேலைகளை முடக்கும் நிலை அது. மனச்சோர்வு, பதகளிப்பு (ஓயாத பயமும் பதற்றமும்), மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நம்புவது), இருமுனைக் கோளாறு (அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வருவது) எல்லாம் இதற்குள் வரும்.

நோய் இருந்தால் நலம் இல்லை, நோய் இல்லாவிட்டால் நலம் உண்டு என்று கணக்குப் போடுவதுதான் முதல் குழப்பம். மனச்சிதைவுக்கு மாதம் ஓர் ஊசி போட்டுக்கொண்டு, களுவாஞ்சிகுடியில் சின்னக் கடை நடத்தும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கிளினிக் கொப்பியும் கடன் கொப்பியும் ஒரே லாச்சிக்குள் கிடக்கின்றன. மகளின் ரியூஷன் காசை நேரத்துக்குக் கட்டுகிறார், கோயில் திருவிழாவுக்குப் பங்கு போடுகிறார். அவருக்கு நோயும் இருக்கிறது, மனநலமும் இருக்கிறது. எந்த நோயும் எழுதப்படாத இன்னொருவர் வேலையில்லாமல், கதைக்க ஆளில்லாமல், பகலெல்லாம் படுத்துக் கிடக்கலாம். அவருக்கு நோயில்லை, நலமும் இல்லை.

சுருக்கமாக: மனநலம் வேறு, மனநோய் வேறு. ஆகவே இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலைகளும் வேறுவேறு.

சிகிச்சை, தடுப்பு, மேம்பாடு

சிறுபோகத்தில் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயலை மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். குளத்தின் துருசை, அதாவது மதகை, திறந்தாயிற்று. தலைப்பக்கத்து வயல்களில் தண்ணீர் தளம்புகிறது. கடைசி வயலில் நிலம் வெடித்து, பயிர் மஞ்சளாகிறது. மஞ்சளான பயிரைக் காப்பாற்ற வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றலாம். அது சிகிச்சை. பயிர் வாடுமுன்பே தண்ணீர் அங்கே போய்ச் சேர வழி பார்த்தால் அது தடுப்பு. பசளை இட்டு, மண்ணை வளமாக்கி, நாலு நாள் வெயிலைத் தாங்கக்கூடிய பயிராக வளர்த்தால் அது மேம்பாடு.

மூன்றுமே வேண்டும். வாடிய பயிருக்கு முன்னால் நின்று 'முதலிலேயே தடுத்திருக்கலாமே' என்று சொல்வதில் பயனில்லை. வாளியால் ஊற்றியே ஒரு போகத்தை முடிக்கவும் ஏலாது.

உலகக் கணக்கு இந்த இடத்தில் உதவும். 2019இல் உலகில் எட்டுப் பேரில் ஒருவர், அதாவது சுமார் 97 கோடிப் பேர், ஏதோ ஒரு மனநோயோடு வாழ்ந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை. அரசாங்கங்கள் தங்கள் சுகாதாரச் செலவில் இதற்கு ஒதுக்குவது சுமார் 2 வீதம். வருமானம் குறைந்த நாடுகளில் 100,000 பேருக்கு 2 மனநலப் பணியாளர்கூட இல்லை. வருமானம் கூடிய நாடுகளில் அதே தொகைக்கு 60க்கும் மேல். எவ்வளவு வேகமாக வைத்தியர்களை உருவாக்கினாலும், சிகிச்சையால் மட்டும் இந்த இடைவெளி அடைபடாது.

வாட்டம் எங்கிருந்து வருகிறது

மனநோய்க்குக் காரணம் மனம் பலவீனமானது என்று ஒரு கூட்டம் சொல்லும். எல்லாம் மூளையிலும் பரம்பரையிலும்தான் என்று இன்னொரு கூட்டம். பரம்பரைக்குப் பங்கு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் பிறந்து வளர்கிற, வேலை செய்கிற, முதுமையடைகிற சூழலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வருமானம், வீடு, படிப்பு, வன்முறை, பாகுபாடு, போர், இடப்பெயர்வு முதலியவற்றைச் சமூகக் காரணிகள் என்கிறார்கள்.

அவை எப்படி மனதுக்குள் புகுகின்றன? வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் வாரத் தவணைக்கு நுண்கடன் எடுத்த ஒரு பெண்ணின் வாரத்தைப் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை காலையில் லோன்காரர் மோட்டார் சைக்கிளில் வருவார். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். அதனால் திங்கள் இரவே தூக்கம் போய்விடும். இந்தத் தவணையைக் கட்ட இன்னொரு கம்பனியில் கடன், அதைக் கட்டக் காதில் கிடந்தது அடகு. புருஷன் கசிப்பு மணக்க வந்து காசு கேட்டால் சண்டை. சண்டை தொடங்கினால் மகன் கொப்பியைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவான். லோன்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அவள் பின்கதவால் போய் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். தெருவில் யாருடைய மோட்டார் சைக்கிள் போனாலும் இப்போது அவள் நெஞ்சு அடிக்கிறது.

அந்த நெஞ்சடிப்புக்குப் பின்னால் உடம்பின் வேலை ஒன்று இருக்கிறது. ஆபத்து என்று மூளை கண்டவுடன் கோர்ட்டிசோல் முதலான ஓமோன்களைச் சுரக்க வைக்கும். பாம்பைக் கண்டு ஓட அது உதவும். ஓடி முடிந்தால் அடங்கிவிடும். ஆனால் வாராவாரம், மாதக்கணக்கில் அபாய மணி அடித்துக்கொண்டே இருந்தால் தூக்கமும் பசியும் ஞாபகமும் குழம்பும், எரிச்சல் கூடும். அந்த எரிச்சல் பிள்ளைமீது விழும். நீடித்த மன அழுத்தம் என்று சொல்வது இதைத்தான். மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் இது நன்றாகத் தெரிந்த பாதைகளில் ஒன்று.

ஆனால் கடன்பட்ட எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நோய்வாய்ப்பைக் கூட்டுபவை ஆபத்துக் காரணிகள், குறைப்பவை காப்புக் காரணிகள். அடுத்த வளவில் இருக்கும் அக்கா, பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் பெரியம்மா, நிலையான சம்பளம், வைகாசியில் ஊரே கூடும் கண்ணகி அம்மன் சடங்கு எல்லாம் இந்த இரண்டாவது வகை. யுத்த காலத்தில் காணாமற்போன பிள்ளைகளைப் பற்றி அருள்வாக்குக் கேட்கத் தாய்மார் அம்மன் கோயில்களுக்குப் போனதை ஆய்வாளர்கள் மட்டக்களப்பில் பதிவு செய்திருக்கிறார்கள். வேறெங்கும் வாய்திறந்து கேட்க முடியாத கேள்வியை அங்கே கேட்க முடிந்தது. அதற்காகக் கோயில் மருந்தாகிவிடாது. மனச்சிதைவு தொடங்கிய பையனை மூன்று வருடம் நூல்கட்டியே வைத்திருந்தால் அது இழப்புத்தான்.

காசுச் சுமை குறைந்தால் மனச்சுமை குறையுமா? குறைகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்குக் காசு கொடுக்கும் அரசாங்கத் திட்டம் பகுதி பகுதியாக விரிந்தபோது, அது போய்ச் சேர்ந்த இடங்களில் தற்கொலை ஏறத்தாழ 18 வீதம் குறைந்ததாக 2019இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அங்கே யாரும் உளவளத்துணை (கவுன்சிலிங்) கொடுக்கவில்லை. அப்படிப் பார்த்தால் நம் அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்குக் காசு கொடுக்கும் அஸ்வெசும பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறதா இல்லையா என்பதும் மனநலம் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

சுருக்கமாக: சூழல், உடம்பின் அபாய மணி, பரம்பரை, ஆதரவு எல்லாம் சேர்ந்துதான் ஒருவர் நோயில் விழுவதையும் விழாமல் நிற்பதையும் முடிவு செய்கின்றன. இவற்றில் மாற்றக்கூடியதை மாற்றுவதுதான் தடுப்பு.

தடுப்பில் மூன்று வகை

1994இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் ஒரு வகைப்பாடு கொடுத்தது. இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. முதலாவது அனைவருக்குமான தடுப்பு: யாருக்கு ஆபத்து என்று பிரிக்காமல் எல்லோரையும் சேரும் நடவடிக்கை. இரண்டாவது தெரிந்தெடுத்தோருக்கான தடுப்பு: தாயை இழந்த பிள்ளைகள், முகாமில் இருக்கும் குடும்பங்கள் என ஆபத்துக் கூடியவர்களுக்கு. மூன்றாவது அறிகுறி தென்பட்டோருக்கான தடுப்பு: நோய் இன்னும் முழுதாக வரவில்லை, ஆனால் தூக்கமின்மை, ஒதுங்கல், அழுகை என்று தொடங்கிவிட்டவர்களுக்கு.

பள்ளிக்கூடத்தை வைத்துப் பார்த்தால் எளிது. மனநோய்களில் ஏறத்தாழ பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எனவே பிள்ளைப் பருவம் முக்கியம். பிரம்பைத் தூக்கிப் போடுவது, பிள்ளைகளுக்குள் நடக்கும் கேலியையும் அடிதடியையும் நிறுத்துவது ஆகியவை எல்லாப் பிள்ளைகளுக்குமானவை. அப்பா வெளிநாட்டில், அம்மாவும் வெளிநாட்டில், அம்மம்மாவோடு வளரும் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிப்பது இரண்டாம் வகை. திடீரென்று யாரோடும் சேராமல் கடைசி வாங்கில் போய் இருந்துகொண்ட பிள்ளையை ஆசிரியர் கூப்பிட்டுக் கதைத்து, தேவையானால் அனுப்பி வைப்பது மூன்றாம் வகை. (ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களைப் பதாகையில் அடித்துப் பள்ளிக்கூட மதிலில் கட்டுகிறோம். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பத்து வயதுப் பிள்ளை மறுநாள் அந்த மதிலைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். அனைவருக்குமான தடுப்பை அந்தப் பதாகையைக் கழற்றுவதிலிருந்து தொடங்கலாம். செலவும் இல்லை.)

நல்ல முன்மாதிரி ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவுக்குத் தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிவந்து, விளையாடவும் வரையவும் களிமண் பிசையவும் கதை சொல்லவும் விட்டார்கள். சுற்றிவரப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. நோயாளி என்று யார் நெற்றியிலும் ஒட்டாமல் நடந்த வேலை.

ஆபத்துக் கூடியவர்களை மட்டும் பிடித்தால் போதாதா என்று கேட்கலாம். ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரித்தானிய மருத்துவ ஆய்வாளர் 1985இல் இதற்கு ஒரு பதில் எழுதினார். ஆபத்து மிகக் கூடியவர்கள் சிலர்தான். ஆபத்து கொஞ்சமாக இருப்பவர்கள் ஏராளம். அந்தச் சிலரிடமிருந்து வரும் நோயாளிகளைவிட, ஏராளமானவர்களிடமிருந்து வரும் நோயாளிகளின் தொகை கூடிவிடும். எனவே எல்லோருடைய ஆபத்தையும் கொஞ்சம் குறைத்தால் கிடைக்கும் பலன், சிலருடைய ஆபத்தை நிறையக் குறைப்பதைவிடப் பெரிதாக இருக்கலாம். முதலில் நம்பக் கஷ்டமாக இருக்கும். இலங்கையே இதற்கு நல்ல உதாரணம்.

இலங்கை உலகத்துக்குக் காட்டிய பாடம்

1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் 100,000 பேருக்குச் சுமார் 47. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அதற்குப் பின் இருபது வருடத்துக்குள் அது ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. இப்படியொரு வீழ்ச்சியைக் கண்ட நாடுகள் மிகக் குறைவு.

ஒவ்வொரு ஊருக்கும் மனநல வைத்தியர் வந்ததாலோ, ஊரெல்லாம் விழிப்புணர்வுப் பேச்சு வைத்ததாலோ இது நடக்கவில்லை. விவசாயக் கிருமிநாசினிகளில் மனிதருக்கு மிகக் கூடிய நஞ்சாக இருந்தவற்றின் இறக்குமதியையும் விற்பனையையும் அரசாங்கம் படிப்படியாகத் தடை செய்தது. 1995இல் ஒரு பெரிய தடை, 1998இல் இன்னொன்று, 2008க்கும் 2011க்கும் இடையில் மேலும் சில. 1995 முதல் 2015 வரை இந்தத் தடைகளால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் சுமார் 93,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டமும் 1998இல் நீங்கியது.

இது எப்படி வேலை செய்தது? தற்கொலை எண்ணம் பெரும்பாலும் அலைபோல எழுந்து அடங்கும். நம் கிராமங்களில் பல முயற்சிகள் நீண்ட நாள் திட்டமிட்டவை அல்ல. ஒரு சண்டை, ஓர் அவமானம், ஒரு கோபம், அந்தச் சில நிமிடங்கள். அந்த நேரத்தில் கைக்கெட்டிய பொருள் கொடியதாக இருந்தால் ஆள் போய்விடுகிறார். கொடுமை குறைந்ததாக இருந்தால் வைத்தியசாலைக்குப் போய்ப் பிழைத்து வருகிறார். அப்படிப் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை. அந்தச் சில நிமிடங்களைக் கடக்க வைத்ததுதான் தடைகள் செய்த வேலை.

விளைச்சல் விழுந்துவிடும் என்று அப்போது பயந்தார்கள். விழவில்லை என்பதையும் 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

இதோடு இன்னோர் ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளை வைத்து நடந்தது. பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப்போட்ட பெட்டி கொடுத்து, கிருமிநாசினியை அதற்குள் வைக்கச் சொன்னார்கள். பார்த்தால் நல்ல யோசனை. 2017இல் முடிவு வந்தபோது, பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடுக்காத கிராமங்களுக்கும் இடையில் வித்தியாசம் தெரியவில்லை. பெட்டி வேலை செய்ய வேண்டுமானால் களைத்துப்போய் வீடு வந்த மனிதர் ஒவ்வொரு நாளும் ஞாபகமாகப் பூட்ட வேண்டும், திறப்பை ஒளிக்க வேண்டும். தடைக்கு அந்தத் தொல்லை இல்லை. கடையிலேயே இல்லாத பொருளுக்குப் பூட்டு எதற்கு? எழுத வாசிக்கத் தெரியாத, கூட்டத்துக்கு வராத, கிளினிக் பக்கமே போகாத குடும்பத்தையும் அது பாதுகாத்தது.

நான் இதைப் பற்றி யாரிடம் கதைத்தாலும் 'இது விவசாயத் திணைக்களத்து விஷயமல்லவா' என்றுதான் கேட்கிறார்கள். ஆம், அவர்கள் விஷயமும்தான். மனநோய்த் தடுப்பின் பல கருவிகள் சுகாதார அமைச்சின் கையில் இல்லை.

சமமாகக் கொடுப்பதும் நியாயமாகக் கொடுப்பதும்

இனித் தலைப்பில் சொன்ன கடைசி வயலுக்கு வருவோம். துருசை எல்லோருக்கும் ஒரே நேரம்தான் திறக்கிறார்கள். கணக்குப்படி சமம். ஆனால் வழியில் கசிவு, மேல்வயல்காரரின் கள்ள உடைப்பு எல்லாம் போக, கடைசி வயலுக்கு வருவது கொஞ்சம். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டைவிதானைக்கு இது தெரியும். நல்ல வட்டைவிதானை என்றால் கடைசி வயல்களுக்குத் தனியாக முறை வைத்துக் கூடுதல் நேரம் விடுவார்.

சுகாதாரத்தில் மார்கரெட் வைட்ஹெட் என்ற ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில் எந்த வேறுபாடு அநியாயம் என்பதற்கு ஒரு வரையறை கொடுத்தார். வேறுபாடு எல்லாமே அநியாயம் ஆகாது. எண்பது வயதுக்காரருக்கு மறதி நோய் கூடுதலாக வருவது வயதால். தவிர்க்கக்கூடியதாகவும் தேவையற்றதாகவும் இருக்கிற வேறுபாடுதான் அநியாயம்.

உலக அளவில் பாருங்கள். யதார்த்தத்தோடு தொடர்பு அறுந்துபோகும் உளமாய நோய்க்கு, வருமானம் கூடிய நாடுகளில் 70 வீதமானோருக்குச் சிகிச்சை கிடைப்பதாகவும், வருமானம் குறைந்த நாடுகளில் 12 வீதமானோருக்கே கிடைப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மருந்துகளில் பல பழையவை, விலை குறைந்தவை. தவிர்க்க முடியாத வேறுபாடு என்று இதைச் சொல்ல முடியாது.

நம்மூர் அளவிலும் பார்க்கலாம். மட்டக்களப்பு நகரத்தில் இருப்பவருக்கு மனநல கிளினிக் ஓட்டோ தூரம். வெல்லாவெளிக்கு உள்ளே இருப்பவருக்கு அது ஒரு முழு நாள். விடியற்காலையில் பஸ், கிளினிக்கில் வரிசை, திரும்ப பஸ், அன்றைய கூலி போச்சு. கூட வந்த தாய்க்கும் கூலி போச்சு. மருந்து இலவசம்தான், ஆனால் அந்த இலவச மருந்துக்கு இரண்டு நாள் சம்பளம் விலை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்களுக்குப் படகுப்பாதைக்குக் காத்திருக்கும் வேலை போனது. அந்தப் பாலம் மனநல சேவைக்கும் செய்த உதவியை யாரும் அறிக்கையில் எழுதியதாகத் தெரியவில்லை.

ஒரே சேவையை எல்லோருக்கும் ஒரே விதமாகத் திறந்துவைத்தால், முதலில் வந்து எடுப்பவர்கள் ஏற்கெனவே வசதியாக இருப்பவர்கள்தான். காலும் காசும் ஓய்வு நேரமும் உள்ளவர்கள். ஒக்டோபர் மண்டபத்தில் நடப்பதும் இதுதான். திட்டம் நல்லதாக இருந்தும் இடைவெளி கூடிவிடலாம். இதற்காக ஆங்கிலேய ஆய்வாளர் மைக்கேல் மார்மொட் தலைமையில் 2010இல் வந்த அறிக்கை ஒரு கொள்கையை முன்வைத்தது: சேவை எல்லோருக்கும், ஆனால் அளவு தேவைக்கேற்ப. தேவை கூடிய இடத்தில் அழுத்தமும் கூட வேண்டும். ஏழைகளுக்கு மட்டும் என்று பிரித்தால் வெட்கம் வந்து ஒட்டிக்கொள்ளும், எல்லோருக்கும் ஒரே அளவு என்றால் கடைசி வயல் காயும்.

சுருக்கமாக: சமம் என்பது துருசில் அளப்பது, நியாயம் என்பது கடைசி வயலில் அளப்பது.

யார் செய்வது

இவ்வளவுக்கும் ஆள் எங்கே என்ற கேள்வி நியாயமானது. பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் ஒரு விடை கிடைத்தது. வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு, மனச்சோர்விலிருக்கும் கர்ப்பிணிகளோடும் இளம் தாய்மாரோடும் எப்படிக் கதைப்பது என்று பயிற்சி கொடுத்தார்கள். பணியாளர்கள் உளவியல் படித்தவர்களல்லர். 2008இல் வெளியான முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதமாகும்போது அந்தத் தாய்மாரில் 23 வீதமானோர்தான் இன்னும் மனச்சோர்வில் இருந்தார்கள். வழமையான வீட்டுச் சந்திப்புகள் மட்டும் நடந்த பகுதிகளில் அது 53 வீதம். குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் குறைந்தது, தடுப்பூசி கூடியது. தாய்க்குச் சிகிச்சையாக இருந்தது பிள்ளைக்குத் தடுப்பாகிவிட்டது. சிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல வைத்தியர், கிளினிக் முற்றத்து வாங்கில் பாட்டிமாரை இருத்தி, வருபவர்களின் பிரச்சினையைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கப் பயிற்றினார். அதற்கும் ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது.

நம் நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணியின் வீட்டுக்கும் மிட்வைஃப் போகிறார். தாயின் நிறையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கும் அதே நடையில் தூக்கத்தையும் மனதையும் கேட்கலாம். ஆனால் ஒன்று: அவர் தலையில் ஏற்கெனவே இருக்கும் பதிவேடுகளைக் குறைக்காமல் இன்னொரு படிவத்தை மட்டும் கொடுத்தால், படிவம் நிரம்பும், கேள்வி கேட்கப்படாது.

எதைச் செய்யக்கூடாது என்பதையும் இந்தக் கரை கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாட்டிலேயே மிக மோசமாக அடிபட்ட மாவட்டம் அது. அடுத்த வாரங்களில் எங்கெங்கிருந்தோ உளவளத்துணையாளர்கள் வந்து இறங்கினார்கள். பாதிக்கப்பட்டவரை ஒரே தடவை இருத்தி, நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் முறை அப்போது உலகில் பிரபலம். அது பிற்கால நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கேடுகூடச் செய்யலாம் என்று ஆய்வுத் தொகுப்புகள் அதற்கு முன்பே சொல்லியிருந்தன. 2007இல் சர்வதேச உதவி நிறுவனங்கள் கூடி வெளியிட்ட வழிகாட்டி, வேலைகளை நான்கு அடுக்காக வைத்தது. அடியில் பாதுகாப்பு, உணவு, தங்குமிடம். அதற்குமேல் குடும்பமும் ஊரும் மறுபடி சேர உதவுவது. அதற்குமேல் பயிற்சி பெற்ற பொதுப் பணியாளர்களின் உதவி. மிகச் சிலருக்கு மட்டும் நிபுணர். கூடாரத்துக்குள் மழை ஒழுகும்போது 'உங்கள் உணர்வுகளைப் பகிருங்கள்' என்று கேட்பதில் என்ன இருக்கிறது?

போர் கண்ட பகுதிகளில் ஐந்து பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அது பெரிய தொகை. மற்ற நால்வருக்கு இல்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. முழுச் சமூகத்தையும் மனம் உடைந்தவர்கள் என்று எழுதுவது சரியில்லை.

தடுக்க முடியாதவை

எல்லாவற்றையும் தடுக்க முடியாது. மனச்சிதைவிலும் இருமுனைக் கோளாறிலும் பரம்பரையின் பங்கு பெரிது. எவ்வளவு அன்பான வீட்டிலும் அவை வரும். தடுக்கலாம் என்ற பேச்சு கூடும்போது, வந்துவிட்டவர்களின் தாயையும் தகப்பனையும் நோக்கி விரல் நீள்கிறது. சரியாக வளர்க்கவில்லை, கூடச் செல்லம் கொடுத்தீர்கள், அடித்தீர்கள் என்று. தடுப்பு என்பது மக்கள் தொகையைப் பற்றிய கணக்கு. அந்தக் கணக்கை வைத்து ஒரு வீட்டில் ஏன் வந்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த வீட்டுக்குத் தேவை சீக்கிரமாகச் சிகிச்சை.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் உங்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் கேட்கலாம். உங்களுக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள். ஆள் தனியாக இருந்தால் யாராவது கூட இருக்கப் பாருங்கள்.